கப்பலுக்குப் போற எண்ணெய்

…அட, கப்பலுக்குத்தாங்க. சொன்னா சிரிக்கறீங்க. உக்காருங்க, பஜ்ஜி வெந்துருச்சு. நம்ம ஏரியில ஓடறது மிதிபடகு, அதுக்கெதுக்கு எண்ணெய்னுதான் நானும் மொதல்ல கேட்டேன். அதில்லீங்க, கடல்ல பெட்டி பெட்டியா அடுக்கிக்கிட்டுப் போவுதே, அந்தக் கப்பலு.

சேலத்துல இருந்து அபிஷான்னு ஒரு புள்ள வாரம் ஒருக்கா வண்டியோட வரும். இந்த வரிசையில அத்தன கடையிலயும் பஜ்ஜி சுட்டு மிஞ்சுன எண்ணெய வாங்கிக்கிட்டுப் போவும். அத என்னமோ பக்குவம் பண்ணி கப்பலுக்கு ஊத்துவாங்களாம். வெளிநாட்டுல, வெறும் டீசல ஊத்துனா அபராதம், இத ஊத்துனா சலுகைன்னு சட்டமாம். கப்பல்காரன் போட்டி போட்டு வாங்கறான்… எங்கியோ ஒருத்தன் சட்டம் போட்டான், இங்க கண்ணாயிக்குத் தூக்கம் போச்சு. கண்ணாயி நாந்தாங்க.

ஏன்னு கேளுங்க. பழைய எண்ணெய் வெல, புது பாமாயில் வெலைய தாண்டிருச்சு. நெனப்பு எங்க போவும், நீங்களே சொல்லுங்க. நாலு டின்னு புதுசா வாங்கி, ஊட்டுல வச்சுக் கருகக் காய்ச்சி, பழசுன்னு நீட்டிட்டேன்… அட, தப்புன்னே தோணலீங்க. சலுகையில கப்பல்காரன் பொழைக்கலாம், நாம பொழைக்கக் கூடாதாக்கும்.

அந்தப் புள்ள ஒரு சொட்டெடுத்து தாள்ல தொட்டுச்சு, மோந்துச்சு. அத்தன கடைக்கும் கேக்கறாப்ல, "அக்கா, இதுல ஒரு பஜ்ஜி கூட வேகல. புது எண்ணெய்"ங்குது. பழைய எண்ணெயில சுட்டு மானம் போனவங்க உண்டு. புது எண்ணெய்னு மானம் போனவ நா ஒருத்திதாங்க. அதோட உட்டுச்சா… இனி இந்த வரிசைக்கே வண்டி வராதுன்னு போயிருச்சு. அன்னிலருந்து பக்கத்துக் கடை வெங்கடாசலம் மொதக்கொண்டு ஒருத்தரும் எங்கூட பேசறதில்ல. அதான் உங்களப் புடிச்சு உக்கார வச்சேன்.

நேத்து அந்தப் புள்ளைக்கு போன் போட்டு நொம்ப அழுதேனுங்க. எளகுன மனசு அதுக்கு. "அந்த எண்ணெயிலயே நெசமா பஜ்ஜி சுட்டுப் பழசாக்கி வைங்கக்கா, வரிசைக்கு மறுபடி வண்டிய அனுப்பறேன்"னுச்சு. காலைலருந்து ஒரே பனிங்க, ஆள் நடமாட்டமே இல்ல. நீங்கதான் மொத ஆளு… ஆமாங்க, அந்தக் கருகக் காய்ச்சுன எண்ணெய்தான்.

ஏனுங்க, தட்ட ஏன் வச்சுட்டீங்க. வாழக்கா போடட்டுங்களா… வெங்காயம்… காசே வேண்டாமுங்க. உங்க பஸ்ஸ இப்பத்திக்கு எடுக்க மாட்டான்… ஏனுங்க… சித்த நில்லுங்க… எனக்காக வேண்டாம், அந்தக் கப்பலுக்காக இன்னும் ஒண்ணே ஒண்ணு…