முதலில் மேலே வந்தவன்

எங்கள் ஊரில் கோடை லீவு விட்டால் பிள்ளைகளை யாரும் வீடு வீடாகத் தேட மாட்டார்கள், ஐயா. நேராகக் கிணற்றுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். தேவிகாபுரத்துக்கு இந்தப் பக்கம், நீங்கள் நேற்று பார்த்த அதே கிணறு.

எழுபத்திரண்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர். காலையில் குதித்தால் கண் சிவந்து விரல் சுருங்கிய பிறகுதான் ஏறுவோம். தண்ணீர்ப் பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி அடுத்தவன் மேல் எறிவோம். ஒருவன் கோவணத்தை உருவிக்கொண்டு இன்னொருவன் ஓடுவான். சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்துவிடும்.

முக்கியமான ஆட்டம் மூச்சடக்குவது. எல்லோரும் ஒன்றாக முங்க வேண்டும். முதலில் தலையைத் தூக்குபவன் தோற்றவன். நான் தோற்றதே இல்லை.

படிப்பு எனக்கு ஏறவில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் ராத்திரி ஷிப்ட். அங்கே என்னைப் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. கிணற்றில் ஜெயித்தவன் என்பது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. கல்யாணமான புதிதில் அதைத்தான் தெய்வநாயகியிடம் சொன்னேன். என் மனைவி எதையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

இந்தப் பொங்கலுக்கு சுப்பராயலு வந்தான். கிணற்றுக் கூட்டாளி. இப்போது வேலூரில் கவர்மெண்டு வேலை. என் வீட்டில் உட்கார்ந்து வடை தின்றபடி அவளிடம் சொன்னான்:

"தங்கச்சி, இவன் ஜெயிச்சேன்னு சொல்லிகினு திரியறானா? நாங்கதான் பேசி வெச்சிகினு சீக்கிரம் தலையைத் தூக்கிடுவோம். தோத்தா அழுதுகினே வூட்டுக்குப் பூடுவான். ஆட்டமே பேஜாராயிடும்."

"இது தெரியாம இத்தினி வருசமா வாயைப் பொளந்து கேட்டுகினு இருந்தேனேண்ணா" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் எதையும் வேடிக்கையாகத்தான் சொல்லுவான்.

"சரி வாடா, இப்ப முங்கிப் பாத்துரலாம்" என்றேன்.

"இந்தத் தொப்பையை வெச்சிகினு எங்கடா முங்கறது, மெதக்கத்தான் முடியும்."

ஆனாலும் வந்தான். கூப்பிட்டால் வருகிறவன். வழியெல்லாம் பழைய கதை பேசிச் சிரித்தோம். படியில் வேட்டியை வைத்துவிட்டு ஒன்றாக முங்கினோம். தண்ணீருக்கடியில் மோட்டார் குழாயை இருவரும் எதிரெதிரே பிடித்துக்கொண்டோம். அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணடித்தான். அதே பழைய சேட்டை. அத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சீக்கிரமே அவன் மேலே போகப் பார்த்தான். இந்தத் தடவையும் விட்டுக்கொடுக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்படி விடக்கூடாது. அவன் தோள் மேல் இரண்டு காலையும் ஊன்றி, குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் உதைப்பது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அப்போது என் தலை தண்ணீருக்கு மேலே இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இருந்தது. ஆனால் முதலில் தலையைத் தூக்கியது நான் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா.

தெய்வநாயகி படிக்கத் தெரிந்தவள்.