குழுவினர் என்றால் நாற்பத்தொரு பேர்

— நாப்பத்தொரு பேரையும் ரேடியோவுல சொல்லணும் சார். ஒருத்தரைக்கூட விடக்கூடாது.

— ஏம்மா, நீ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே என்ன சொன்னேன்? அறிவிப்ப மாத்தணும்னு மட்டும் என் ரூமுக்கு வராதேன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. வந்துட்டேன்.

— வாயப் பாரு! இன்னும் அஞ்சு நிமிஷத்துல நிகழ்ச்சி. பாட்டுலயும் எழுத்துலயும் சாதிச்ச பெண்கள்னு அழகா அஞ்சு மேதைங்களப் போட்டிருக்கோம். நிலைய இயக்குநரா நான் கையெழுத்தும் போட்டாச்சு. நடுவுல இந்தக் கோரஸ் பொம்பளைங்க எதுக்கு?

— அந்த அஞ்சு பேரும் எனக்குத் தலைக்கு மேல சார். அவங்க பாட்டக் கேட்டுக்கிட்டேதான் பரீட்சைக்குப் படிச்சேன். எங்க வம்சத்துலயே முதல் டிகிரி. ஆனா அவங்க மூச்சு வாங்கின எடத்துலெல்லாம் பாட்டு கீழ விழாமத் தாங்கினது யாரு? டேப் டப்பாவுல என்ன எழுதியிருக்கு? "குழுவினர்". முப்பது வருஷமா நீங்களும் அதையேதான் சொல்றீங்க.

— டப்பாவுல இருக்கறதத்தானேம்மா சொல்ல முடியும்?

— அந்த மழைப் பாட்டு... உங்க போன்லகூட அதானே அடிக்குது?

— ஆமா. அதுக்கென்ன இப்ப?

— அதுல ரெண்டாவது சரணம் கவிஞர் எழுதினது இல்ல. பதிவு அன்னைக்கு அவர் வரவே இல்ல. கடைசி வரிசையில நின்ன ஒரு அக்கா பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்தாங்க. எழுதிட்டுப் போய் திரும்பவும் கடைசி வரிசையிலயே நின்னாங்க.

— கதை விடாத.

— டிக்கெட் இன்னும் இருக்கு. இப்ப தையல் கடை வெச்சிருக்காங்க, மெஷின் டிராயர்ல பத்திரமா இருக்கு. என் கண்ணால பார்த்தேன்.

— சரி, டப்பாவுல பேரே இல்லாதப்ப நீ எப்படிக் கண்டுபிடிச்ச?

— குரல வெச்சு. டேப்பப் போட்டா, யாரு குரல்னு கேட்டுச் சொல்ல ஒருத்தங்க இருந்தாங்க. அப்புறம் வீடு வீடா அலைஞ்சு விசாரிச்சேன். ஒரு பேர்கூடத் தப்பில்ல.

— ஓஹோ, இப்பப் புரியுது! அம்மா இங்க இருபது வருஷம் வேலை பார்த்தாங்கன்னு விண்ணப்பத்துல எழுதியிருந்தியே. கோரஸா? அட, நேராக் கேட்டிருந்தா அவங்க பேர மட்டும் சேத்திருப்பேனே. எதுக்கு ஊரையே கூட்டிட்டு வர்ற?

— அம்மா பேரு அந்தப் பட்டியல்லயே இல்ல சார்.

— என்னது?

— இன்னொண்ணும் கேட்டுக்கங்க. பழைய அறிவிப்புக்குப் பதிலா நாப்பத்தொரு பேரையும் சொல்ற டேப் காலையிலயே ஒலிபரப்பு அறைக்குப் போயிடுச்சு. நான்தான் குடுத்தேன்.

— அடிப்பாவி! அப்புறம் எதுக்கு வந்து கேட்ட?

— நீங்களே ஒரு தடவ சரின்னு சொல்றதக் கேக்கலாம்னு. கையில எடுத்த போன வைங்க சார். இப்ப நிறுத்தினா மாத்துறதுக்கு அங்க வேற டேப் இல்ல. ரேடியோ ஊமையா இருக்கும். அதுக்கு நீங்கதான் மேல பதில் சொல்லணும்.

— உன்ன நிரந்தரமாக்கற ஃபைல் இந்த மேசையிலதான் கிடக்குது, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அதுக்கு மேல என் ராஜினாமா இருக்கு. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க.

— ஏய்... நில்லு. கதவத் திறக்காத. உங்க அம்மா பாடலன்னா, இருபது வருஷம் இங்க என்னதான் பண்ணினாங்க?

— கூட்டிப் பெருக்கினாங்க. சிவப்பு விளக்கு அணையற வரைக்கும் பதிவு அறைக்கு வெளியில தொடப்பத்தோட நிப்பாங்க. நின்னு நின்னு அத்தனை குரலும் மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால கையில காகிதமும் தேவைப்படல. ரேடியோவப் போடுங்க சார், மணியாச்சு. நான் கிளம்பறேன். நாப்பத்தொரு பேரையும் சொல்றது அம்மா குரல்தான்.