சார்ஜர் மாட்ட ஒரு சுவர்

— சுவத்துல ஓட்டை போடாத வேல்சாமி. நாலாவது தடவையாச் சொல்லுதேன்.

— ஓட்டை போடாம ஒயரிங் பண்ண எனக்கு மந்திரமா தெரியும், சண்முகையா அண்ணாச்சி? ஒரு பிளக் பாயிண்ட், ஒரு பலகை, அதுமேல இந்தச் சார்ஜர். பேட்டரி ஏறிட்டா உங்க தங்கச்சி வண்டியில ஏறி, யார் தயவும் இல்லாமப் போயிருவாக.

— பேட்டரிக்குள்ள ஆசிட்டுலா இருக்கு. பிள்ளைங்க புழங்குத வீடு.

— நடையில வைப்போம்னேன், வாசலை அடைக்கும்னீங்க. பின்கட்டுன்னேன், சாரல் அடிக்கும்னீங்க. அடுப்படின்னேன், அக்கினி மூலை ஆகாதுன்னீங்க. இந்த வீட்டுக்கு மொத்தம் எத்தனை மூலை அண்ணே?

— கோவப்படாத பேச்சித்தாய். கேளு தாயி. மூணு வயசுல உனக்குக் கால் விளங்காமப் போச்சு. அன்னையிலேருந்து இருபத்துமூணு வருசம் தூக்கிச் சுமக்கேன். ஒருநாள் முகம் சுளிச்சிருப்பேனா? உனக்கு என்ன குறை?

— உங்க தோள் வந்து சேருத வரைக்கும் உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கேனே, அதுதான் குறை. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்க வரச் சொல்லி, இன்ஸ்டிடியூட் நடத்துத மெஹர்பானு அக்கா கூப்பிட்டிருக்காங்க. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போகலைன்னா வேற ஆள் பார்ப்பாங்களாம். அந்த ஏழு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?

— பனவடலிசத்திரத்துல, வயல்ல. ஒன்பதுக்கு வந்து தூக்கிட்டுப் போறேன்.

— ஒன்பதுக்குள்ள ரெண்டு வகுப்பு முடிஞ்சிரும்.

— அண்ணாச்சி, கடையநல்லூர் பீர் மைதீன் பாய், ஜீப் பேட்டரியும் பழைய மோட்டாருமாத் தேடிப் புடிச்சு இந்த மூணு சக்கர வண்டியைச் செஞ்சிருக்காரு. இப்படியே கிடந்தா பேட்டரி செத்துரும்னு ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாரு.

— இருபது நாள் பொறுக்கக் கூடாதாலே?

— இருபது நாள்ல புதுசா எந்த மூலை அண்ணே முளைக்கப்போகுது?

— அது... ஒரு காரியம் இருக்கு.

— காரியம் என்னன்னு நான் காட்டுதேன் அக்கா. இந்தா, கடையில ஒயர் கிளிப்பு மடிச்சுத் தந்த தாளு. அச்சாபீஸ்ல கழிச்சுப்போட்ட நோட்டீசு.

— ஏலே, அதைக் கொடுக்காத.

— “தங்கையைச் சுமந்த தோள், தங்கள் வார்டையும் சுமக்கும். வாக்களிப்பீர் சண்முகையாவுக்கு.” படம் வேற. கோயில் வாசல்ல என்னைத் தூக்கிட்டு நிக்கீங்க. என் முகம் தெரியலை. உங்க தோள் பளிச்சின்னு தெரியுது.

— எலெக்சன் முடியட்டும் தாயி. நான் ஓட்டுக் கேக்குத தெருவுல நீ தன்னால வண்டி ஓட்டிட்டுப் போனா, நோட்டீசைப் பாத்து ஊரு சிரிக்காதா?

— அப்போ, சுமக்குதவர் பெருமைக்காகச் சுமை இறங்கக் கூடாது. என் கால் முடங்கினது நோயால அண்ணே. நான் முடங்கிக் கிடந்தது உங்க பேரால. வார்டையும் இப்படித்தான சுமப்பீங்க? தெருவிளக்கு எரிஞ்சா உங்க கைவிளக்குக்கு மதிப்பில்லைன்னு ஜனங்களை இருட்டுலயே வைப்பீங்க.

— பெரிய பேச்செல்லாம் பேசாத.

— சின்னதாவே கேக்கேன். எலெக்சன்ல நிக்க மனுக் கொடுக்க என்னைக்குக் கடைசி நாள்?

— நாளைக்கு மூணு மணி. நான் விடியவும் போய்க் கொடுத்திருவேன். அதை ஏன் கேக்க?

— வேல்சாமி, அய்யா இந்த வீட்டை எங்க ரெண்டு பேருக்கும்தான் எழுதி வச்சிருக்காரு. என் பாதிச் சுவத்துல ஓட்டையைப் போடுங்க. நாளைக்கு மூணு மணிக்குள்ள மனுக் கொடுக்குத ஆபீசுக்குப் போய்ச்சேர எனக்குப் பேட்டரி ஏறணும். அண்ணே, இந்த வார்டுல நானும் நிக்கப் போறேன்.