கீழ்வீட்டுக் குழந்தைக்கும் ஒரு காப்பீட்டுச் சந்தை

அவைத் தலைமை ஏற்றிருக்கும் மாநிலக் காப்பீட்டு ஆணையத் தலைவர் திரு. பீபடி அவர்களே, அவர் அருகே அமர்ந்து குறிப்பெடுக்கும் உறுப்பினர்களே, இந்த மண்டபத்தைத் திறந்துவிட்டுக் குளிருக்கு அடுப்பும் மூட்டிவைத்த பங்குத்தந்தை அவர்களே, ஆலையில் தேய்ந்த கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மடியிலே மழலையும் மனத்திலே கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, காப்பிக்காக மட்டும் கதவோரம் காத்திருக்கும் கனவான்களே, அனைவருக்கும் மில் தெரு லொரெத் பெல்ஷாவின் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். என் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்த இல்டா தவாரெசையும் அவள் மகள் நொயேமியாவையும் நான் விரட்டிவிட்டேன் என்று இந்த ஊர் பேசுகிறது. ரொட்டிக் கடை வரிசையில் ஆணிக்கடை அர்மான் லூசியே என்னிடமே கேட்டார்: "என்ன மதாம், செருப்புச் சத்தம் கேட்டதுக்கே ஒரு குடும்பத்தத் துரத்திட்டீங்களாமே? அடுத்து யாரு, மூச்சு விடுறவங்களா?"

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், அர்மான். சிரியுங்கள். ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரியுங்கள். இது ஆலய மண்டபம்.

வீட்டுக்குள் காலணி கூடாது என்றேன், உண்மை. படிக்கட்டில் ஓடக் கூடாது என்றேன், அதுவும் உண்மை. கன்னியர் மடத்துப் பள்ளியில் சகோதரி யூலாலியிடம் படித்தவள் நான். ஒழுங்கை எதிர்பார்ப்பேன். ஆனால் அந்தக் குடும்பத்தை விரட்டியது என் ஒழுங்கா? இல்லை. என் நாக்கா? இல்லை. விரட்டியது எது என்று சொல்லத்தான் இந்த முழங்கால் வலியோடு இந்த மேடை ஏறினேன்.

எங்கள் வீட்டில், குளிருக்கு அறைகளைச் சூடாக்கும் நீராவிக் குழாய் ஒன்று கீழ்த்தளத்திலிருந்து என் அடுக்களை வழியாக மேலே போகிறது. நொயேமியா பள்ளி விட்டு வந்ததும் கரண்டியால் அதை இருமுறை தட்டுவாள். வந்துவிட்டேன் என்று பொருள். நான் ஒருமுறை தட்டுவேன். கேட்டேன் என்று பொருள். என் கணவர் ஓவிலா மறைந்த பிறகு, அந்த வீட்டில் என்னை விசாரித்த ஓசை அது ஒன்றுதான்.

ஒரு பிற்பகல் குழாய் இடைவிடாமல் ஒலித்தது. இறங்கிப் போனேன். குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் மூச்சு. கையிலே மருந்துக் குழல்.

"மருந்த இழுத்தியா?"

"ஒரு இழுப்பு இழுத்தேன், மதாம்."

"டாக்டர் ரெண்டு இழுக்கச் சொன்னாரே?"

"அம்மா மிச்சம் பிடிக்கச் சொன்னாங்க. தீந்துபோச்சுன்னா வேற இல்ல."

அவையோரே, பிள்ளைகள் மிட்டாயை மிச்சம் பிடிப்பார்கள். மூச்சை மிச்சம் பிடிக்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மிரட்டித்தான் இரண்டாவது இழுப்பை இழுக்க வைத்தேன்.

இல்டா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே வேலையாட்களுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. அரசின் இலவச மருத்துவ உதவிக்கு அவள் சம்பளம் சற்றே கூடுதல்; தனியார் காப்பீட்டுக்கு அவள் சர்க்கரை சற்றே கூடுதல். தாயைச் சேர்க்க மாட்டார்களாம், நோயாளி என்று. மகளைச் சேர்க்க மாட்டார்களாம், தனியாள் என்று. தாயோடும் கூடாது, தாயின்றியும் கூடாது என்றால், குழந்தை எங்கே போகும்?

எல்லை தாண்டிப் போகும். போனது. பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் எல்லை எங்கள் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். பல நிறுவனங்களின் காப்பீட்டை ஒரே இடத்தில் ஒப்பிட்டு வாங்கும் காப்பீட்டுச் சந்தை அங்கே முன்பே திறந்துவிட்டது. நோயாளி என்று சொல்லி யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. இல்டா படியேறி வந்து நின்றாள். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மதாம். அந்தப் பக்கம் எங்கக்கா வீடு இருக்கு. போயிட்டா பிள்ளைக்கு காப்பீடு கெடைச்சிரும்."

"உன் வேலை?"

"வேலை இங்கதான். பஸ்ல வந்து போவேன்."

"இங்கேயும் அதுமாதிரி ஒண்ணு வரப்போகுதுன்னு சொல்றாங்களே, இல்டா."

"வந்தா அன்னைக்கே நானும் வந்துருவேன். கீழ்வீட்டுச் சாவிய மட்டும் வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினேன். "கிழவி காலி வீட்டைக் காவல் காக்கிறாள்" என்ற பேச்சும் காதில் விழுந்தது. அதற்குத் திருத்தம் இல்லை, அது சரிதான்.

சந்தை என்றால் என்ன? பொருளைப் புரட்டிப் பார்க்கலாம்; விலையை ஒப்பிடலாம்; பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். வருகிறவளைப் பார்த்து, "நீ நோயாளி, உனக்கு உருளைக்கிழங்கு கிடையாது" என்று சொல்லும் சந்தை உண்டா? கூடையைத் தூக்கி வந்த குழந்தையை, "பெரியவர் வாங்கினால்தான் உனக்கும்" என்று விரட்டும் சந்தை உண்டா? நம் மாநிலமும் ஒரு சந்தை அமைக்கட்டும். ஆனால் குடும்பத்தோடு வருகிறவருக்கும் கதவு திறக்கட்டும். தனியாக வரும் குழந்தைக்கும் கதவு திறக்கட்டும். குழந்தை எட்டித் தொடமுடியாத தாழ்ப்பாள் எந்தக் கதவிலும் வேண்டாம்.

கைதட்ட வேண்டாம், இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நான் துணையில்லாதவள், பேச்சுக்கு ஆள் தேடித்தான் கூட்டங்களுக்கு வருகிறேன் என்கிறார்கள். துணையில்லாதது உண்மை. நீராவி ஏறும்போது அந்தக் குழாய் தானாகவே தட்டுகிறது. நீராவியின் ஓசை எது, பிள்ளையின் ஓசை எது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கரண்டியை எடுத்து ஒருமுறை தட்டுகிறேன். கீழே யாரும் இல்லை.

ஆனால் அந்தத் துணைக்காகச் சந்தை கேட்கவில்லை. நொயேமியா அங்கே இரண்டு இழுப்பும் இழுக்கிறாள். திரும்பி வராவிட்டாலும் அவள் நன்றாக மூச்சுவிடட்டும். இந்தத் தெருவில் இருமிக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு எல்லைக்கு அப்பால் ஓர் அக்கா வீடு இல்லையே, அதற்காகக் கேட்கிறேன்.

பொறுமையோடு கேட்ட அவையோருக்கு நன்றி. தொப்பியைக் கழற்றிய அர்மானுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்களே, சென்ற கூட்டத்திலும் கேட்டேன். "கவனத்தில் கொள்கிறோம்" என்று புன்னகைத்தீர்கள். முழு வாக்கியத்தில் கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் தரவேண்டும் என்பது எங்கள் மடத்துப் பாடம். ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: நம் மாநிலச் சந்தையில் ஒரு குழந்தையைத் தனியாகக் காப்பீட்டில் சேர்க்க முடியுமா, முடியுமானால் எந்தத் தேதியிலிருந்து? என் முகவரி உங்கள் குறிப்பில் இருக்கிறது. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.