குச்சி இருக்கான்

அய்யோ, அதுல கை வைக்காதீங்க சார்! அந்தப் பிளக்க மட்டும் தொடாதீங்க. மீட்டர் மாத்த வந்தீங்க, மாத்துங்க, யாரு வேணாம்னா? இந்த அலமாரிப் பக்கம் மட்டும் வராதீங்க.

தெரியும் சார், என் வீடுதான் கடைசி. மாடிப்படில நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கே படிச்சுட்டேன். அதுக்காகத்தான் இன்னிக்கு லீவு போட்டு உக்காந்திருக்கேன். எதிர் வீட்ல கரன்ட்ட நிறுத்தி மாத்த எவ்ளோ நேரம் ஆச்சு? முக்கால் மணி நேரமா? அப்ப சரி... இல்ல, சரியில்ல. சும்மா வாயில வந்துருச்சு. உக்காருங்களேன், தண்ணி எடுத்துட்டு வரேன். ஒரு அஞ்சு நிமிஷத்துல குடி முழுகிடாது.

அக்கான்னு கூப்பிடாதீங்க சார், கோவிச்சுக்காதீங்க. அம்மான்னே கூப்பிடுங்க. உங்க வயசுக்கு நான் தம்பின்னு கூப்பிடணும், அதுவும் எனக்கு வர்ல. அதான் சார் சார்ங்குறேன்.

அந்த கீச் கீச்சா? எலி இல்ல. அலமாரில இருக்குற கம்ப்யூட்டர் பொட்டிக்கு அடியில ஒரு பேட்டரி, அதோட சத்தம். கரன்ட் போனா அரை மணி நேரம் தாங்கும்னு வாங்கி வெச்சான். இப்ப அது உப்பிப் போச்சு, ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. புதுசு மாத்தலாம்தான். கடைக்காரர் வந்து பாத்துட்டு, பொட்டிய ஆஃப் பண்ணாத்தான் மாத்த முடியும்னாரு. அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்.

ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணா வராதான்னு கேக்குறீங்க. வரும். வந்து பாஸ்வேர்ட் கேக்கும். அது அவனுக்குத்தான் தெரியும்.

என் தம்பி சார். கூடப்பொறந்தவன். வீட்ல அவனுக்குப் பேரு குச்சி. சின்ன வயசுல அப்படி இருப்பான், சட்ட மாட்டுன குச்சி மாதிரி. ரூம்லயும் அதே பேருதான் வெச்சுக்கிட்டான். ரூம்னா இந்த ரூம் இல்ல, கம்ப்யூட்டர்ல பேசுற ரூம். பத்துப் பன்னெண்டு பேரு, ஊருக்கு ஒருத்தர், ஒருத்தர ஒருத்தர் நேர்ல பாத்ததே கிடையாது. ஒருத்தன் பேரு கொட்டாவி. நம்ம தூங்கப் போறப்ப அவன் எந்திரிச்சு, எந்திரிச்சுட்டேன்டா பாவிங்களான்னு எழுதுவான். நாள் பூரா அவ்ளோதான் பேச்சு. இதுக்கு ஒரு ரூமாடான்னு கேட்டேன். சும்மா கூட உக்காந்திருக்குறது ஒரு சுகம்க்கான்னான்.

அந்த ரூமுக்குப் போறதுக்கு ஒரு சாஃப்ட்வேர். இலவசம். எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடுமாம், எந்த போன்லயும் ஓடுமாம். சும்மா குடுக்குறான்னா ஏதோ உள்குத்து இருக்கும்டான்னேன், விழுந்து விழுந்து சிரிச்சான். அதுல ரெண்டு பாதி சார். பின்னாடி பாதி இந்தப் பொட்டிக்குள்ள இருக்கு. அது எந்நேரமும் ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கும். முன்னாடி பாதி அவன் போன்ல, ஆபீஸ்ல, எங்க வேணாத் திறந்துக்கலாம். அவன் இல்லாதப்ப யாரு என்ன பேசுனாங்கன்னு பொட்டி பத்திரமா எடுத்து வெச்சிருக்கும். அவன் வாடகை வீடு, வருஷத்துக்கு ஒரு வீடு மாறுவான். நீதான் ஒரே இடத்துல இருக்கக்கா, இது உன் வீட்ல இருக்கட்டும்னு கொண்டுவந்து வெச்சான். தூசி தட்டுறதுதான் என் வேலை.

என் போன்லயும் அந்த ரூமத் திறந்து குடுத்தான். அது ஒரு கூத்து. நான் ஒரு நாளைக்கு ஆறு தடவ அவனுக்கு போன் பண்ணுவேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சளி எப்படி இருக்கு. ஒரு நாள் அவன் எடுக்கலன்னு ஆபீஸ் நம்பருக்கே அடிச்சு, என் தம்பி சாப்பிட்டானா பாத்துச் சொல்லுங்கன்னுட்டேன். சிரிக்காதீங்க சார். முப்பத்தாறு வயசு ஆம்பளைக்கு எப்படி இருந்திருக்கும்? மானம் போகுதுக்கா, இனிமே போன் பண்ணாத, இந்த ரூம்ல என் பேரு இருக்கான்னு மட்டும் பாரு, பேரு இருந்தா நான் இருக்கேன், அவ்ளோதான்னு சொல்லிட்டான். நானும் ரோஷத்துல சரிடா, செத்தாலும் கூப்பிட மாட்டேன்னுட்டேன்.

என் வாயக் கழுவணும்.

ஆனா நல்லாத்தான் இருந்துச்சு சார். பஸ்ல போறப்ப பாப்பேன், குச்சின்னு கறுப்பா இருக்கும். மதியம் சாப்பாட்டு டப்பாவத் திறக்கறப்ப பாப்பேன், இருப்பான். போன் எப்பவும் அவன் பாக்கெட்லயே இருக்கும், அதனால பேரு எந்நேரமும் நல்லா திட்டமா கறுப்பா இருக்கும்.

இந்தப் பொட்டி அதுக்கப்புறம்தான் வந்துச்சு, கொண்டுவந்து வெச்ச அன்னிக்கு ஒண்ணு சொன்னான். அக்கா, இனிமே பேரு ரூம விட்டுப் போகவே போகாது, பொட்டி பிடிச்சு வெச்சிருக்கும். பேரு வெளிறிப் போயிருந்தா நான் இல்லன்னு அர்த்தம், பொட்டி மட்டும் இருக்குன்னு அர்த்தம். நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். சரி சரின்னேன். ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுட்டேன்.

எங்க வேலையா? மாத்திரை கம்பெனி. அட்டைல தேதி, நம்பரு எல்லாம் சரியா அச்சாயிருக்கான்னு பாத்து அனுப்புறது. ஒரு நிமிஷத்துக்கு நாப்பது அட்டை. பத்தொம்பது வருஷமா அதான். எறும்புக் கால் மாதிரி இருக்கும் எழுத்து. கண்ணுல கொஞ்சம் கோளாறுன்னு தெரிஞ்சாப் போதும், பெட்டி தூக்குற பக்கம் தள்ளிடுவாங்க. என் இடுப்புக்குப் பெட்டி தூக்க முடியுமா? அதனால கண்ணுன்னா எனக்கு உசுரு. லேசா உறுத்தினாலே பயம் வந்துரும்.

இதோ வரேன்னு சொல்லுங்க உங்க ஆளுகிட்ட. கீழ நின்னு கத்துறாரு பாருங்க. முடிச்சுடறேன்.

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை. பேரு இருந்துச்சு, கறுப்பாத்தான் இருந்துச்சு. செவ்வாக்கிழமை மதியம் பாக்குறேன், குச்சிங்குறது மங்கலாத் தெரியுது. போனத் துடைச்சேன். சேலைத் தலைப்புல துடைச்சேன், வெளிச்சத்துல போய்ப் பாத்தேன். மங்கல்தான். கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு. போச்சு, கண்ணு போச்சு, வேலை போச்சுன்னு. ராத்திரியும் அப்படித்தான், காலைலயும் அப்படித்தான். மத்தவங்க பேரெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்கணும்னுகூடத் தோணல சார். நான் அந்த ரூம்ல அவன் பேர மட்டும்தான பாப்பேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு கண் டாக்டர்கிட்டப் போனேன். அந்த ஆஸ்பத்திரிக்கு அவன் இருந்த தெரு வழியாத்தான் போகணும். அவன் வீட்டு வாசலத் தாண்டித்தான் போனேன். நாலாவது மாடி. ஏறிப் பாக்கலாமான்னு நின்னேன். நின்னு, போன எடுத்துப் பாத்தேன். பேரு இருந்துச்சு. இருக்கான், வேலையா இருப்பான், ஏறிப் போனா வேவு பாக்க வந்தியான்னு கத்துவான்னு நெனச்சுட்டு நடந்துட்டேன்.

வியாழக்கிழமை காலைல அவன் வீட்டு ஓனர் போன் பண்ணாரு. தண்ணி மாடிப்படி வழியா இறங்கி வருது, கதவத் தட்டுனா திறக்கலன்னு.

குளியலறை வாசல்ல கிடந்தான் சார். போன் மேசை மேல இருந்துச்சு, சார்ஜ் இறங்கி அணைஞ்சு போய். விழுந்த உடனே உசுரு போச்சா, ரெண்டு நாள் கிடந்தானா, அதெல்லாம் ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்த பேப்பர்ல இருக்கு. என் வீட்டுக்காரரு படிச்சாரு. படிச்சுட்டு மடிச்சு அதோ, அந்தப் பொட்டிக்கு அடியில வெச்சாரு. நான் இன்னும் எடுத்துப் பாக்கல. ஒரு நாளைக்குப் பதினஞ்சாயிரம் அட்டை படிக்கறவ நான், அந்த ஒரு தாளப் படிக்க முடியல.

ரூம்ல சொல்லலையான்னா, இல்ல. யாருக்கும் தெரியாது. எப்பவாச்சும் கொட்டாவி, குச்சி இருக்கியாடான்னு கேப்பான். இன்னொருத்தன், அவன் எங்க போறான், இருப்பான், வாயத்தான் திறக்க மாட்டான்னு எழுதுவான். அத நான் படிச்சுக்கிட்டே இருப்பேன். அவங்களும் என்ன மாதிரிதான சார், பேரப் பாத்து ஏமாந்தவங்க. அந்தப் பேரு எங்கிருந்தும் வர்ல, என் அலமாரில இருந்துதான் போயிட்டிருந்துச்சு. அன்னிக்கும் இங்கிருந்துதான் போச்சு.

கண்ணத் தொடச்சுக்கங்க சார், உங்களப் போய் அழ வெச்சுட்டேன். எந்திரிங்க, நேரமாச்சு. நாளைக்கு வரேன்னெல்லாம் சொல்லாதீங்க, நாளைக்கும் நான் இதேதான் சொல்லிட்டிருப்பேன். இல்ல, நான் இறக்க மாட்டேன், என்னால ஆகாது. நீங்களே மெயின இறக்குங்க.

ஒரு நிமிஷம், போன எடுத்து வெச்சுக்கறேன். பொட்டி அணைஞ்சா ரூம்ல ஒரு வரி வருமாம், குச்சி வெளியே போயாச்சுன்னு. ஒரே ஒரு தடவ வரும், எழுத்து சின்னதாத்தான் இருக்கும். லைட் வேணாம் சார், இருட்டுலயும் படிச்சுடுவேன். என் கண்ணுல ஒரு குறையும் இல்லன்னு அந்த டாக்டர் அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டாரு.