நுரை நின்ற பிறகு

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, சூடாக இருக்கிறது, அது போதும்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆசிட் வேலையில் நான் கறார். பட்டறையில் எனக்குப் 'பத்தியம்' என்றே பெயர். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாமல் ஒருவனும் என் பக்கத்தில் வரக்கூடாது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்க வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். இத்தனை வருஷத்தில் என் வேலையால் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை.

படகு இன்ஜினைக் குளிர வைப்பது கடல் தண்ணீர். அது ஓடி ஓடி, குழாய்களுக்குள் உப்பும் சுண்ணாம்பும் கல்லாகப் படிந்துவிடும். அடைத்துக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். அப்போதுதான் எங்களைத் தேடுவார்கள். ஒரு டிரம்மில் நீர்த்த ஆசிட், ஒரு சின்ன பம்ப், போக ஒரு குழாய், வர ஒரு குழாய். கல் கரையும்வரை டிரம்மில் நுரை பொங்கும். நுரை நின்றதும் பம்பை நிறுத்தி, சோடா கரைத்த தண்ணீர் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நிறுத்தாமல் விட்டால், தின்னக் கல் கிடைக்காத ஆசிட் இன்ஜினின் குழாயையே தின்னத் தொடங்கும். தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

படகு என் தங்கையின் புருஷனுடையது. வாய் நிறைய மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவன், இவன்தான். ஆள் லட்சணம், பேச்சில் தேன் ஒழுகும். ஒருநாள் சண்டையில் படகின் அறைக் கதவை ஓங்கிச் சாத்தினான். என் தங்கையின் விரல்கள் நடுவில் இருந்தன. தெரியாமல் நடந்தது என்றான். இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை.

அவள் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். அப்பா, அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியது நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உனக்காகத்தான் என்று அவளிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். அந்தக் கையால் அவளுக்குத் தலை பின்ன வராது, நானே பின்னிவிடுவேன். அந்த மாதங்களில்தான் வீடு வீடாக இருந்தது.

பிறகு அவன் படகோடு வந்து நின்றான்.

"இன்ஜின் கொதிக்குது மச்சான். உங்க கையைத் தவிர வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

கொதித்தது இன்ஜின் மட்டுமல்ல. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் தொழில் தொழில்தான். வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்.

மத்தியானம் தங்கை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். படகோரம் நின்று அவனோடு வெகுநேரம் பேசினாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நான் அவர்கூடவே போயிடலாம்னு இருக்கேன்."

"விரலு?"

"தினமும் அதையே கேக்காதண்ணே. அவரு மாறிட்டாரு. நாளைக்கு பஸ்ல போய்க்கிறேன்." டிரம்மை எட்டிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என் வேலையைப் பார்த்து வளர்ந்தவள். "நுரை நின்னுபோச்சே, பம்ப நிறுத்தலையா?"

"உள்ள கொஞ்சம் பாக்கி இருக்கு," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. பம்ப் பொழுது சாயும்வரை ஓடியது. மறுநாள் காலையில் சோடாத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று எல்லாம் முறைப்படி செய்தேன். குழாய்கள் காகிதமாக இளைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கரையில் கட்டிவைத்து ஓட்டியபோது இன்ஜின் பூனை மாதிரி முனகியது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். கழுவியவன்தான் முதல் ஓட்டத்தில் படகில் கூடப் போக வேண்டும். நம் வேலைக்கு நாமே ஜாமீன். முழங்கால் வலி என்றேன். அவனுக்கு மனம் ஒப்பவில்லை.

"நீங்க வராம எடுக்கறது சரியில்ல மச்சான். வலி குறையட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

பஸ்ஸுக்குப் போகும் வழியில் விடைபெற வந்திருந்த தங்கை தன் பையைப் படகுக்குள் போட்டாள். "எங்க அண்ணன் கழுவின இன்ஜின். அவருக்குப் பதிலா நான் வரேன், போதுமா?" ஏறி அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கயிற்றை அவிழ்த்தது நான்தான்.

துறைமுக வாயைத் தாண்டியதும் குழாய் பொத்துக்கொண்டது. இன்ஜின் இறுகி நின்றது. காற்று படகை அலைதடுப்புப் பாறைமேல் கொண்டுபோய் மோதியது. அவன் நீந்திக் கரையேறிவிட்டான். அவளைச் சாயங்காலம் எடுத்தார்கள். இப்போது அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, படகைச் சரியாகக் கவனிக்காதது தன் தப்புதான் என்று எல்லோரிடமும் அழுகிறானாம். அவன் அழுவதற்கு இதில் ஒன்றுமில்லை. செய்தது நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவனுக்கு வைத்தது அவளுக்குப் போய்விட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் விரலுக்காகச் செய்தேன் என்றும் எழுதுங்கள், அது சத்தியம்.

முடிச்சு ஈரமாக இருந்தது, அவிழ நேரம் பிடித்தது. இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருப்பேன் ஐயா. அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.