பெட்டிக்கு ஞானத்தகப்பன்

பெரிய மாநாட்டுக்கு முதல் முறை போகிறவர்கள் பழகிய செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும். எட்டாயிரம் மருத்துவர்கள் கூடும் இடத்தில் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு நடப்பதற்குள் புதுச் செருப்பு குதிகாலைத் தின்றுவிடும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என்றைக்காவது உதவட்டும் என்று சொல்கிறேன்.

நான் மிர்த்தா பெனாவிதெஸ். இந்த சான் இலாரியோ மருத்துவமனையில் பதினெட்டு வருடமாகத் தோல் மருத்துவர். இங்கிருந்து மலையேறித் தலைநகர் லா பாஸுக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு. என்னோடு படித்தவர்களோ மாதத்துக்கு ஒருவராக, மாநாட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் அனுப்புவார்கள். நான் வாழ்த்துகள் என்று பதில் போடுவேன். வயிறு எரியும். அதை மறைப்பானேன்.

சும்மா போய் நிற்க முடியாது. ஒரு நோயாளியின் கதையைச் சுவரொட்டியாக அச்சடித்து, அதன் பக்கத்தில் நின்று விளக்கினால்தான் விடுப்பு கிடைக்கும். என் கையில் இருந்தது செவேரோ அபாஸாவின் மூக்கு.

செவேரோ காப்பித் தோட்டக்காரர். ஆனால் ஊரில் அவரைத் தோட்டக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பித்தளை வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுபவர் அவர். ஒரு பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்காமல் அவர் இழுக்கிற இழுப்பைக் கேட்கவே பக்கத்து ஊர்களிலிருந்து வருவார்கள். மணல் ஈ கடித்து வரும் புண் எங்கள் பக்கம் புதிதல்ல. காலில் வந்து ஆறிவிடும். சிலருக்கு மட்டும் வருடங்கள் கழித்து மூக்குக்குள் கிளம்பும். அவருக்கு ஒரு சிவப்புத் திட்டு, மிளகு அளவு. இருபத்தெட்டு ஊசி போட்டால் அதோடு நின்றுவிடும். மருந்தை அரசாங்கம் இலவசமாக அனுப்புகிறது. அலமாரிச் சாவி என்னிடம் இருக்கும்.

அது ஜூன் மாதம், சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. எங்கள் நாட்டில் மறியலும் மழையும் ஒன்று. ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மருந்து வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். உண்மையாகவே வரவில்லை. வந்தவரைச் சும்மா திருப்பி அனுப்புவானேன் என்று மூக்கைப் படம் எடுத்தேன். பதினோராம் நாள் மறியல் முடிந்து மருந்துப் பெட்டி வந்தது. அன்றைக்கும் ஒரு படம் எடுத்து, முதல் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். திட்டு பரவியிருந்தது. இப்படி வாரா வாரம் எடுத்த வரிசையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மருந்து லாரி வேறு பக்கத்து மறியலில் மாட்டியிருக்கிறது என்று செவேரோவிடம் சொன்னேன். நாட்டில் எங்கேயாவது ஒரு மறியல் எப்போதும் இருக்கும். அவர் நம்பினார்.

ஆறு படம் சேர்ந்ததும் அனுப்பினேன். மாநாடு நடக்கவிருந்த சாவோ பாவ்லோவிலிருந்து பதில் வந்தது. ஏற்றுக்கொண்டோம், மீதிப் படங்களை ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எதிர்பார்ப்பவர்களை ஏமாற்றுவது என் சுபாவம் இல்லை.

ஊரே என்னை வழியனுப்பக் கிளம்பிவிட்டது. எங்களுக்கு எதற்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். ஞானஸ்நானம் பெறும் பிள்ளைக்கு மட்டுமா, பிறந்தநாள் கேக்குக்கும் புது வீட்டுக் கூரைக்கும் கூடத்தான். ஒப்புக்கொண்டவர் அந்தப் பொருளை வாங்கித் தந்து உறவாகிவிடுவார். என் பயணப் பெட்டிக்கு ஞானத்தகப்பனாகச் செவேரோ தானாகவே வந்து நின்றார். சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி. அன்றிலிருந்து நான் அவருக்கு டாக்டரம்மா இல்லை, கொமாத்ரே, அதாவது உறவுக்காரி.

"எனக்குக் கல்யாணத்துக்கே இவரு பெட்டி வாங்கித் தரல டாக்டரம்மா. கோணிப்பையோடதான் வந்தேன்" என்றாள் அவர் மனைவி பஸிலியா.

"நீ எங்க போன, ஆத்துக்கும் அடுப்புக்கும்தானே. இங்க என் மூக்கு பிளேன்ல போகுது. கொமாத்ரே, அதுக்கு ஜன்னலோர சீட்டாப் பாத்துக் கேளுங்க."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படியே அன்றைய படத்தையும் எடுத்தேன். அதில் மூக்குத் தண்டு உள்வாங்கியிருப்பது தெளிவாகத் தெரியும்.

பன்னிரண்டாம் வாரம் அவர் கேலியை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார். "மூஞ்சி எப்படிப் போனாலும் போகட்டும் கொமாத்ரே. கார்னிவலுக்கு என்னால ஊத முடியுமா? அத மட்டும் சொல்லுங்க." மருந்து வரட்டும், பார்க்கலாம் என்றேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் அலமாரி இருந்தது. அன்று அவர் மேல் எனக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினாறாம் வாரம், குடித்த சூப் மூக்கு வழியாக வந்தது. அண்ணத்தில் துளை விழுந்திருந்தது. அந்தப் படத்துக்கு வெளிச்சம் நன்றாக அமைந்தது.

மாநாட்டில் என் சுவரொட்டி முன்னால் கூட்டம் நின்றது. வயதான பேராசிரியர் ஒருவர் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, ஏன் மருந்து கொடுக்கவில்லை என்று கேட்டார். சாலை மறியல் என்றேன். இப்படிப்பட்ட ஊரில் வேலை பார்ப்பதற்கே உங்களுக்குத் தனி மெடல் தர வேண்டும் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே ஊசியை ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட விடவில்லை. நோய் நின்றது. துளை அப்படியே நின்றது. டிரம்பெட்டில் உதட்டை வைத்தால் காற்று மூக்கு வழியாகப் போய்விடுகிறது. ஐந்தாவது ஊசியன்று பஸிலியா மருந்துப் பெட்டி மேல் ஒட்டியிருந்த தேதியைப் படித்தாள். "இது ஜூன்லயே வந்திருக்கே டாக்டரம்மா" என்றாள், மெதுவாக. ஆமாம் என்றேன். நேராகக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.

ஆகவே நீங்கள் கேட்பதற்கு என் பதில் இதுதான். மருந்து இருந்தது. நூற்றிரண்டு நாள் நான்தான் பூட்டி வைத்திருந்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. செவேரோ குழுவை விட்டுப் போய்விடவும் இல்லை. இந்தக் கார்னிவலில் பெரிய மேளம் அடித்தார். அதற்கு வாய் தேவையில்லை என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். லா பாஸில் ஓர் அறுவை மருத்துவர் வரும் மாதமே அந்தத் துளையைத் தைத்து மூடப் போவதாகக் கேள்விப்படுகிறேன். அடுத்த மாநாடு செப்டம்பரில், லிமாவில். அதுவரை அவசரப்பட வேண்டாம் என்று அந்த மருத்துவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் செவேரோவுக்கும் நல்லது.